மெத்தையில் பள்ளம் விழுந்துவிட்டதா? கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் மெத்தைக்கு 10 வருட வாரண்டி. ஆறாவது வருடமே நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. காலையில் எழுந்ததும் அவருக்கு இடுப்பைப் பிடித்துக்கொள்ளும், எனக்குத் தோள்பட்டை. "வாரண்டிதான் இருக்கே, மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்" என்று தைரியமாகக் கடைக்குப் போன் செய்தேன். அன்றிலிருந்து புது மெத்தை வீட்டுக்குள் வர நான்கு மாதம் ஆனது. அதில் ஒன்றரை மாதம் பில்லைத் தேடியே போனது. வண்டி வைத்துக் கொண்டுபோய்க் காட்டி, திரும்பக் கொண்டுவந்து, கடைசியில் "வாரண்டியில் வராது" என்று கைவிரித்துவிட்டார்கள். கைக்காசு போட்டுத்தான் வாங்கினோம்.

அதே வருடம் மேல்வீட்டு அக்காவுக்கும் இதே பிரச்சினை வந்தது. 22 நாளில் மாற்று மெத்தை வந்து இறங்கிவிட்டது. அவர் எதை முதலில் செய்தார், நான் எதைச் செய்யாமல் விட்டேன் என்று உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. நான் அலைந்தது போதும், நீங்கள் அலைய வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. வாரண்டி அட்டையில் போட்டிருக்கும் வருடக் கணக்கை மெத்தையின் ஆயுள் என்று நினைத்துவிடாதீர்கள். தயாரிப்பில் கோளாறு இருந்தால் எவ்வளவு காலம் வரை கேட்கலாம் என்பதற்கான கணக்கு அது. மெத்தை உழைத்துத் தேய்வது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு.

1. மூன்று ராத்திரி தரையில் போட்டுப் படுங்கள்

மெத்தையைக் குறை சொல்லும் முன் கட்டிலைப் பார்க்க வேண்டும். மெத்தையை இறக்கித் தரையில் போட்டு மூன்று ராத்திரி படுத்துப் பாருங்கள். பள்ளம் காணாமல் போனாலோ வலி குறைந்தாலோ குற்றவாளி கட்டில்தான். அப்படியானால் மெத்தைக்குச் செலவே வேண்டாம்.

கட்டிலின் குறுக்குப் பலகைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். எது வளைகிறது, எதில் ஆணி கழன்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். பலகைகளுக்கு நடுவே நான்கு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் ஃபோம் மெத்தை அந்தச் சந்தில் இறங்கத் தொடங்கும். இரண்டு பேர் படுக்கும் கட்டிலுக்கு நடுவில் ஒரு கால் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் கட்டிலில் அது இல்லை.

தச்சரைக் கூப்பிட்டுப் பலகைக்கு மேல் ப்ளைவுட் அடிப்பது எளிய தீர்வு. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ப்ளைவுட் 8-க்கு 4 அடி ஷீட்டாக வரும். 78-க்கு 60 அங்குலக் கட்டிலுக்கு ஒரு ஷீட்டை வெட்டி ஒட்டுப்போட்டாலும் பரப்பளவில் மயிரிழையில் பற்றாது. இரண்டு ஷீட் வாங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே பட்ஜெட் போடுங்கள். அடித்த பிறகு ஆங்காங்கே ஒரு அங்குலத் துளை போடச் சொல்லுங்கள். காற்றுப் போகாவிட்டால் மெத்தையின் அடிப்பக்கம் வியர்த்து, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

2. உங்கள் மெத்தை எந்த வகை?

உறையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்தாலோ பக்கவாட்டு லேபிளைப் பார்த்தாலோ தெரிந்துவிடும். (லேபிளைக் கத்தரித்துவிடாதீர்கள். காரணம் 6-ஆம் படியில்.) ஆயுள் வகைக்கு வகை மாறும். கீழே இருப்பவை தினமும் இரண்டு பேர் படுக்கும் மெத்தைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. விருந்தாளி அறையில் கிடப்பது இன்னும் நீடிக்கும். குழந்தைகள் குதிக்கும் மெத்தை அதற்கு முன்பே போய்விடும்.

இலவம்பஞ்சு. இதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அடித்துத் தைக்கலாம் என்பதுதான் இதன் பெருமை. இரண்டு மூன்று வருடத்தில் பஞ்சு அமுங்கி, கட்டி கட்டியாகிவிடும். பிரித்து, அடித்து, புது உறை போட்டால் மறுபடி உப்பிவிடும். போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவ மரங்கள் அதிகம். மாமியார் வீடு தேனி என்பதால் எங்களுக்குப் பஞ்சு அங்கிருந்து வரும். காய் வெடிக்கும் கோடைதான் பஞ்சு வாங்கவும் அடிக்கவும் நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகையில் அடித்துத் தைத்த மெத்தை ஈரம் வாங்கிக்கொண்டு ஒருவித வாடை அடிக்கும்.

ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் அடித்துக்கொண்டே இருக்க முடியாது. இலவம்பஞ்சின் இழை உள்ளே கூடானது, எளிதில் உடையும். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் கொஞ்சம் தூளாகிப் பறந்துவிடும். போன சித்திரையில் ஒரு சிங்கிள் மெத்தையைப் பிரித்து அடித்தோம். குறைந்த பஞ்சுக்கு ஈடாக 2 கிலோ புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அடிக்கிறவர் ஒரு பிடி எடுத்துக் கையில் தேய்த்துக் காட்டினார். மாவு மாதிரி உதிர்ந்தது. "இன்னும் ஒரு தடவை தாங்கும், அதோடு சரி" என்றார். அந்தத் தேய்த்துப் பார்க்கும் சோதனையை நீங்களும் செய்யலாம்.

தேங்காய் நார். ரப்பர் பால் தெளித்து இறுக்கிய நார். 5 முதல் 7 வருடம். முதலில் கெட்டியாக இருக்கும். வயதாக ஆக அந்த ரப்பர் பிடிப்பு விட்டுப்போய் நார் உதிரும். கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது பழுப்பு நிறத் தூள் தொடர்ந்து வந்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். இதைச் சரிசெய்ய வழியில்லை.

ஃபோம். 5 முதல் 8 வருடம். எல்லாம் டென்சிட்டியைப் பொறுத்தது. 32, 40 என்று சொல்வது ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதைத்தான். எண் கூடினால் பொதுவாக ஆயுள் கூடும். பல கடைகளில் இதைக் கெட்டித்தன்மை என்று சொல்லி விற்கிறார்கள். அது வேறு, இது வேறு. டென்சிட்டி கூடிய மெத்தை மெதுமெதுவென்றும் இருக்கலாம். மெமரி ஃபோம் சூட்டில் இளகும் இயல்புடையது. ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில், அதன் குணமே மாறிவிடும். எங்களுக்கு ஒத்துவரவில்லை.

ஸ்பிரிங். 7 முதல் 10 வருடம். சத்தம் வரத் தொடங்குவது முதல் எச்சரிக்கை. கடற்கரை ஊர்களில் துருவும் சேர்ந்துகொள்ளும்.

லேட்டக்ஸ். நல்ல இயற்கை ரப்பராக இருந்தால் 10 முதல் 15 வருடம். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பஞ்சு மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போட்டுப் பழகிய கை, லேட்டக்ஸையும் ஃபோமையும் அங்கேயே கொண்டுபோய்ப் போடும். என் அம்மா செய்தார். நேரடி வெயிலில் ரப்பர் மஞ்சளாகி, மொரமொரத்து, பொடிந்துவிடும். இவற்றை நிழலில், ஜன்னலோரம் நிமிர்த்திச் சாய்த்து வைத்தாலே போதும்.

3. பள்ளத்தை அளந்து பாருங்கள்

இந்த ஒரு படியை முதலில் செய்திருந்தால் எனக்கு நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

காலையில் விரிப்பு, போர்வை எல்லாம் எடுத்துவிட்டு மெத்தையை ஐந்தாறு மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு ஒரு நூலைப் பள்ளத்துக்கு நேர்குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்கேலைப் பள்ளத்தின் ஆழமான இடத்தில் செங்குத்தாக நிறுத்தி, நூல் எங்கே படுகிறது என்று பாருங்கள். தலைப்பக்கம், இடுப்புப் பக்கம், கால்பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். போட்டோவும் எடுங்கள். ஸ்கேலின் எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பல நிறுவனங்கள் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்த பள்ளத்தைக் கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை. சிலர் ஒன்றரை அங்குலம் கேட்பார்கள். உங்கள் அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். அளக்கும்போது மெத்தைமேல் யாரும் படுத்திருக்கக் கூடாது. படுத்தால் அமுங்குகிறது, எழுந்தால் சரியாகிவிடுகிறது என்றால் அது "மென்மையாகிவிட்டது" என்ற கணக்கில் போகும்; வாரண்டியில் வராது. எங்கள் பள்ளம் 18 மில்லிமீட்டர். மேல்வீட்டு அக்காவுடையது 34. கதை இங்கேயே முடிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை.

4. ஸ்கேலுக்குத் தெரியாததை உடம்பு சொல்லும்

18 மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. நிறுவனத்துக்கு அது கோளாறில்லை, முதுகுக்குக் கோளாறுதான். எழுந்ததும் இருக்கும் பிடிப்பு நடமாடத் தொடங்கியதும் ஒரு மணி நேரத்தில் விட்டுப்போகிறதா? அம்மா வீட்டிலோ லாட்ஜிலோ படுத்தால் நன்றாகத் தூங்குகிறீர்களா? இரண்டு பேர் ஓரத்தில் படுத்து, காலையில் நடுவில் எழுந்திருக்கிறீர்களா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் மெத்தையை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கால் மரத்துப்போவது, வலி தொடையிலிருந்து கீழே இறங்குவது, ராத்திரியில் வலியே எழுப்பிவிடுவது, இதெல்லாம் இருந்தால் மெத்தைக் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

முதுகுவலிக்குக் கல் மாதிரி மெத்தைதான் நல்லது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2003-இல் லான்செட் இதழில் வந்தது. கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. "ஆர்த்தோ" என்று எழுதியிருந்தால் "கொஞ்சம் கெட்டியானது" என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

5. யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டியவை

வெள்ளத்தில் நனைந்த மெத்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் வந்ததே, அப்போது எங்கள் சொந்தக்காரர் ஒருவர் நனைந்த ஃபோம் மெத்தையை இரண்டு வாரம் மாடியில் காயப்போட்டு மறுபடி விரித்தார். மேலே காய்ந்திருந்தது, உள்ளே இல்லை. அந்தத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை படர்ந்தது, கம்பி வெளியே குத்துவது, சிறுநீர் உள்வரை இறங்கி நாறுவது, இவையும் அப்படித்தான்.

மூட்டைப்பூச்சி மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. பலர் பதறிப்போய் மெத்தையை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவார்கள். பூச்சியோ கட்டிலின் இணைப்புகளிலும் சுவர் விரிசலிலும் சுவிட்ச் பெட்டியிலும் இருக்கும். புது மெத்தைக்கு ஒரு வாரத்தில் குடிவந்துவிடும். பல மாதம் ரத்தமே இல்லாமல் உயிரோடிருக்கும் ஜென்மம் அது. முதலில் அறை முழுக்க மருந்தோ நீராவியோ அடிக்கச் செய்து, பூச்சி போய்விட்டது என்று உறுதியான பிறகே மெத்தையைப் பற்றி முடிவெடுங்கள்.

6. வாரண்டி கேட்பது: தாள்கள், நாள்கள், செலவு

உங்கள் பள்ளம் அட்டையில் சொன்ன அளவைத் தாண்டியிருந்தால் மட்டும் இந்தப் படி. இல்லையென்றால் 7-க்குப் போய்விடுங்கள்.

கையில் தயாராக இருக்க வேண்டியவை:

- வாங்கிய பில். கச்சாச் சீட்டு செல்லாது, ஜிஎஸ்டி எண்ணோடு இருக்க வேண்டும்.
- வாரண்டி அட்டை, கடை முத்திரையும் தேதியும் போட்டது.
- மெத்தையின் பக்கவாட்டில் தைத்திருக்கும் லேபிளின் போட்டோ. வரிசை எண் அதில்தான் இருக்கும்.
- மெத்தை முழுதாகத் தெரியும் போட்டோ, நூலும் ஸ்கேலும் வைத்த போட்டோ.
- மெத்தையை எடுத்துவிட்டு, வெறும் கட்டிலின் போட்டோ. இதை எப்படியும் கேட்பார்கள். முன்கூட்டியே அனுப்பிவிட்டால் ஒரு வாரம் மிச்சம்.

பில் தொலைந்துவிட்டதா? எனக்கும் அதேதான். கடையில் உங்கள் போன் நம்பரைச் சொன்னால் கணினியில் பழைய பில் கிடைக்க வாய்ப்பு உண்டு. அக்கா கார்டில் பணம் கட்டியிருந்ததால் வங்கிக் கணக்கு விவரத்திலிருந்து தேதியையும் தொகையையும் எடுத்துக் கொடுத்து, கடையில் நகல் வாங்கிவிட்டார். நான் ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். என்றைக்கு வாங்கினோம் என்பதே ஞாபகமில்லை. கடைசியில் பில் கிடைத்தது; பீரோவில், வெள்ளைத் தாளாக. வெப்பத்தில் அச்சடிக்கும் அந்த வழவழப் பேப்பரில் எழுத்து ஒன்றிரண்டு வருடத்தில் மங்கிவிடும்.

எல்லாவற்றையும் சேர்த்து நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். கடைக்குப் போனில் சொல்வது கணக்கில் வராது. நான் மூன்று வாரம் கடைக்காரரோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு நான்காம் நாள் பதில், பதினோராம் நாள் ஆள் வந்து பார்த்தது, இருபத்திரண்டாம் நாள் மெத்தை.

விழக்கூடிய குழிகள் (மெத்தையில் உள்ளதைச் சொல்லவில்லை):

கறை. காப்பிக் கறையோ குழந்தை நனைத்த கறையோ இருந்தால் சுகாதாரத்தைக் காரணம் காட்டி மறுக்கலாம். அட்டையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும்.

வண்டி. "கொண்டுவந்து காட்டுங்கள்" என்றதும் குட்டி யானை பிடித்துவிடாதீர்கள். வீட்டில் வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். போக, வர, ஏற்றி இறக்க என்று எங்களுக்கு 2,400 ரூபாய் ஆனது. கோரிக்கை மறுக்கப்பட்டால் இதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

பங்குக் கணக்கு. பல அட்டைகளில் முதல் சில வருடம்தான் முழு மாற்று. அதன் பிறகு வருடத்துக்கு இத்தனை சதவீதம் நாம் கட்ட வேண்டும். அந்தச் சதவீதத்தை மெத்தையின் இன்றைய எம்ஆர்பி மேல் போடுவார்கள். உதாரணமாக, எம்ஆர்பி 28,000, நீங்கள் கட்ட வேண்டியது 60 சதவீதம் என்றால் 16,800. அதே மெத்தை ஆடித் தள்ளுபடியில் 18,000-க்குத் தொங்கிக்கொண்டிருக்கும். லாபம் 1,200, வண்டிக்கூலி அதைவிட அதிகம். கடை விலையை விசாரித்துவிட்டுத்தான் சம்மதம் சொல்ல வேண்டும்.

பழைய தேதி. மாற்றிக் கொடுத்த மெத்தைக்குப் புது வாரண்டி கிடைக்காது. பெரும்பாலும் பழைய தேதியிலிருந்து மீதமிருக்கும் காலம்தான்.

அளவும் தாள்களும் சரியாக இருந்தும் மறுத்தால், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைப்பு இலவசம். நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பி, பதில் வாங்கித் தர முயல்வார்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதுமில்லை.

7. சரிசெய்து ஓட்டலாமா?

பஞ்சு என்றால் ஓட்டலாம். எங்களுக்கு அடிகூலி, உறை, சேர்த்த பஞ்சு எல்லாம் சேர்த்து ஒரு சிங்கிளுக்கு 1,900 ரூபாய் ஆனது. அடிப்பவர் முன்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் பஞ்சு உள்ளே போய் வேறு பஞ்சு வெளியே வந்த கதைகள் நிறைய உண்டு. பிரிக்கும் முன் எடை போட்டுக்கொண்டால் பேச்சுக்கே இடமில்லை.

ஃபோம், நார், ஸ்பிரிங் என்றால் மேலே இரண்டு அங்குல டாப்பர் (மெத்தைமேல் விரிக்கும் மெல்லிய மெத்தை) போடச் சொல்வார்கள். பள்ளத்தின் மேல் போட்ட டாப்பர் சில வாரத்தில் அதே பள்ளத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். 4,500 ரூபாய்க்குப் பட்டுத் தெரிந்துகொண்டேன். மெத்தை சமமாக இருக்கிறது, கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான் என்றால் மட்டும் டாப்பர் உதவும்.

8. பழையதை எங்கே போடுவது?

புதிது வாங்கும் முன்பே இதற்கு வழி பார்த்து வையுங்கள். இரண்டு மெத்தையை ஒரே அறையில் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று வாரம் சுவரோரமாக நடந்தோம்.

காயிலாங்கடையில் ஸ்பிரிங் மெத்தையின் இரும்புக்கு மட்டும்தான் மதிப்பு. ஃபோமைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிவு செய்யலாம். பழைய சோபா, கட்டில், மெத்தை போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் ஏற்பாட்டை 2025-இல் தொடங்கினார்கள். தெருக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு ஓடாதீர்கள். மழை பெய்தால் அது மழைநீர் வடிகாலுக்குத்தான் போகும்.

போகிக்கு எரிப்பது கூடவே கூடாது. ஃபோம் எரியும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். பாய் எரித்த காலத்துப் பழக்கம் இதற்குப் பொருந்தாது.

எக்ஸ்சேஞ்ச் சலுகை என்றால் முதலில் "பழையது இல்லை, என்ன விலை?" என்று கேட்டு, தள்ளுபடி விலையை எழுதி வாங்குங்கள். பிறகு எக்ஸ்சேஞ்ச் விலையைக் கேளுங்கள். நான் போன மூன்று கடையில் இரண்டில் ஒரே விலைதான். ஆனாலும் பழையதை எடுத்துக்கொண்டு போகிறார்களே, அதுவே பெரிய உதவி.

9. புதியது வாங்கும்போது

கட்டிலின் உள்ளளவை அங்குலத்தில் எடுங்கள். கட்டில் வாங்கிய பில்லில் இருக்கும் அளவை நம்ப வேண்டாம். 72, 75, 78 என்று மூன்று நீளமும் கடையில் கிடைக்கும். 75 அங்குலக் கட்டிலில் 78 அங்குல மெத்தை போட்டால் ஓரம் மேலே ஏறி நிற்கும். அந்த மடிப்பிலேயே சீக்கிரம் கெடும். மாடிப்படித் திருப்பத்தையும் அளங்கள். ஸ்பிரிங் மெத்தையை மடிக்க முடியாது. பழைய குடியிருப்புகளின் குறுகலான படியில் கிங் சைஸ் ஏறாமல், கயிறு கட்டி பால்கனி வழியாக இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வீட்டில் படுக்கும் வாக்கில் 15 நிமிடம் படுங்கள். வெட்கம் பார்க்க வேண்டாம். இரண்டு பேருக்கு என்றால் இரண்டு பேரும் போக வேண்டும்.

78-க்கு 60 அளவில், 6 அங்குல உயரத்துக்கு, நான் விசாரித்த விலைகள் இவை. தள்ளுபடி போக, ஃபோம் 9,000 முதல் 15,000 வரை. நார் 10,000 முதல் 14,000. பாக்கெட் ஸ்பிரிங் (ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப் பையில் இருப்பது) 16,000-க்கு மேல். லேட்டக்ஸ் 30,000-க்குக் கீழே கிடைக்கவில்லை. விலையை ஆயுளால் வகுத்துப் பாருங்கள். 12,000 ரூபாய் ஃபோம் 6 வருடம் உழைத்தால் வருடத்துக்கு 2,000. 30,000 ரூபாய் லேட்டக்ஸ் 12 வருடம் உழைத்தால் 2,500. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் வாடகை வீட்டில் அடிக்கடி மாறுபவர்கள் கனமான லேட்டக்ஸைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா என்றும் யோசிக்க வேண்டும். நாங்கள் ஃபோமே வாங்கினோம், 40 டென்சிட்டி.

இணையத்தில் வாங்கினால் 100 நாள் வரை படுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்பார்கள். கறை படிந்தால் அதுவும் செல்லாது. நூறாவது நாள் வரை காத்திருக்காமல் எண்பதாவது நாளில் முடிவெடுங்கள். சுருட்டி வரும் மெத்தை முழுதாக விரிய ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். புது ஃபோம் வாடையும் அடிக்கும். அதுவரை படுக்க வேறு இடம் வேண்டுமென்பதால், பழையதை அன்றைக்கே அனுப்பிவிடாதீர்கள்.

10. மெத்தை வந்த அன்றே

பில்லையும் வாரண்டி அட்டையையும் லேபிளையும் போட்டோ எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பிக்கொள்ளுங்கள். அட்டையில் கடை முத்திரை இல்லையென்றால், கொண்டுவந்தவர் போகும் முன்பே கடைக்குப் போன் செய்யுங்கள். வாங்கிய தேதியை மார்க்கரால் கட்டில் பலகையின் அடியில் எழுதி வையுங்கள். மெத்தைமேல் எழுதினால் அதையும் கறை என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

முதல் ராத்திரி படுக்கும் முன்பே நீர் புகாத உறை போட்டுவிடுங்கள். 800 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். பள்ளத்தைத் தடுக்காது, கறையைத் தடுக்கும்.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்புங்கள். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். மேல்பக்கம் தனியாக மெத்து வைத்துத் தைத்ததைக் கவிழ்த்துப் போடக் கூடாது, சுற்றித் திருப்ப மட்டும்தான். தேதி மறந்துவிடும் என்பதால் எங்கள் வீட்டில் போகிக்கு முந்தைய ஞாயிறும் ஆடிப்பெருக்கும் என்று வைத்திருக்கிறோம். அன்றைக்கே நூலும் ஸ்கேலும் வெளியே வரும். போன ஆடிப்பெருக்குக் கணக்கு: 4 மில்லிமீட்டர்.